இரண்டு ஆள் ஜாமீன்

கடன் கேட்டு வருகிறவனுக்காவது ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஜாமீன் கேட்டு வருகிறவளைக் கண்டால், வீட்டில் ஆள் இல்லை என்று வீட்டுக்காரரே வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்.

நீங்கள் எப்போதாவது எதற்காகவாவது வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கிறீர்களா? இன்ஷூரன்ஸோ, சீட்டோ, தேர்தலோ, கோயில் கும்பாபிஷேகமோ, எதுவாக இருந்தாலும் சரி. அப்படியென்றால் நீங்கள் என் இனம். உட்காருங்கள், நம் பாட்டை நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் தமிழரசி. காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே குக்கருக்கு ரப்பர் வாங்க வந்த வக்கீல் ஜமீலா, பேச்சுவாக்கில் என்னை இந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார். ரப்பரை வாங்க மறந்துவிட்டார். எங்கள் இயக்கம் என்பது அவரும் நானும் ஒரு பழைய ஸ்கூட்டரும்தான்.

வேலை இதுதான். ஏதோ ஒரு வழக்கில் பிடிபட்டு உள்ளே இருக்கிற ஏழைக்கு நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும். நீ போகலாம், ஆனால் உனக்குப் பொறுப்பாக இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லும். ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். இன்னொருவர் தன் பேரில் வீட்டு வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். வசதி உள்ளவனுக்கு அன்று சாயங்காலமே ஆள் கிடைத்துவிடும். மற்றவன் ஜாமீன் கிடைத்த பிறகும் மாசக் கணக்கில் உள்ளேயே கிடப்பான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை. யாரும் இல்லாதவர்களை அவர்கள் சொந்தக் கையெழுத்தின் பேரிலேயே அனுப்பிவிடுங்கள், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதே என்று கேட்பதுதான் எங்கள் பிரச்சாரம். அது பழக்கத்துக்கு வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதே, அதனால் கையெழுத்துப் போட ஆளும் தேடுகிறோம்.

மஞ்சள் நோட்டீஸ்

முதன்முதலாக நோட்டீஸ் அடித்தபோது, பிரஸ்காரர் மஞ்சள் தாள்தான் இப்போது கைவசம் இருக்கிறது என்றார். சரி என்றோம். செக்காலைப் பக்கம் ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா, என் கையில் இருந்த மஞ்சள் தாளையும் நான் கட்டியிருந்த நல்ல சேலையையும் ஒரு பார்வை பார்த்தார். வாங்க, வாங்க என்று உள்ளே கூட்டிப் போய் ஃபேனைப் போட்டார். குங்குமச் சிமிழை நீட்டினார். மோர் வந்தது. முதல் வீட்டிலேயே இவ்வளவு ஆதரவா என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டார். "பொண்ணுக யாரும் இல்லம்மா, எல்லாரும் ஆம்பளைங்கதான்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, 'சிறையில் வாடும் ஏழைகளுக்காக' என்ற முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. என் கையில் இருந்த மோர் டம்ளரைத் திரும்ப வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்ததும் எனக்குத் தெரிந்தது. கடைசியில் கேட்டார்:

"அப்ப இதுல சாப்பாடு எதுவும் கிடையாதா?"

கதவு ஏற்றிய வண்டி

பாண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் பட்டதெல்லாம் அவர் ஒருவருக்காகத்தான். சிங்கம்புணரிக்காரர். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். கண்டனூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் தேக்குக் கதவை ஏற்றிக் காரைக்குடியில் இறக்க வேண்டும் என்று யாரோ வாடகைக்குக் கூப்பிட்டார்கள். அப்படிப் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் கதவும் தூணும் பழைய சாமான் கடைக்குப் போவது இங்கே தினம் நடக்கிற காரியம், அவரும் ஏற்றினார். பாதி வழியில், திருட்டுக் கதவு என்று போலீஸ் நிறுத்தியது. கதவைக் கழற்றினவர்களுக்கு ஆள் பலம் இருந்தது, ஜாமீன் கிடைத்த கையோடு வெளியே வந்துவிட்டார்கள். கதவை ஏற்றின பாண்டி மட்டும் உள்ளே. ஜாமீன் அவருக்கும் கிடைத்திருந்தது.

அவருக்கு இருக்கும் ஒரே சொந்தம் அக்கா செல்வி, கயிறு ஆலையில் வேலை பார்க்கிறவர். ரத்த சொந்தத்துக்குச் செல்வி தயார். வீட்டு வரி கட்டுகிற இன்னொரு ஆள்தான் அகப்படவில்லை. செல்வியின் மகள் யாழினிக்கு அய்யனார் கோயிலில் முடியிறக்கிக் காது குத்த நாள் குறித்திருந்த நேரத்தில்தான் பாண்டியைப் பிடித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? நாள் தள்ளிப் போனது. பிறகு இன்னொரு நாள், அதுவும் போனது. பிள்ளையின் முடி கண்ணை மறைத்து, தோளைத் தொட்டு, சடை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. வேறு யார் மடியிலாவது வைத்து முடித்துவிடலாமே என்று நான் ஒரு வாய் சொல்லிவிட்டேன். செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி மடி இல்லாம வேற யாரு மடியில வைக்கச் சொல்றீக, ஜட்ஜு மடியிலயா?"

புறாவும் பங்கும்

வீடு என்றால் எங்கள் பக்கத்தில் பஞ்சமா? ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். பாதிக்கு மேல் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் திறப்பார்கள். கண்டனூரில் அப்படி ஒரு வீடு கல்யாணத்துக்காகத் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரை விரட்டினேன். சென்னையிலிருந்து வந்திருந்த செட்டியார் ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதுக்கென்ன ஆத்தா, நல்ல காரியம், போட்ருவோம்" என்றார். கதவு தட்டுகிறவர்கள் இப்படி ஒரு வார்த்தைக்காக எத்தனை வெயில் காய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன்.

வரி ரசீது வந்தது. அதில் இருந்த பெயர் அவருடையது இல்லை. அவர் அப்பச்சியுடையதும், அதாவது அப்பாவுடையதும் இல்லை. பர்மாவில் கடை வைத்திருந்த ஏதோ ஒரு பாட்டனாருடையது. அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது, இன்னும் அவர் பேரிலேயே வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் வேறு எங்கெங்கோவும் இருக்கிறார்கள். மாளிகையின் நடுவில் நின்றுகொண்டு, வீடு இல்லாதவர் போல அவர் என்னைப் பார்த்தார். எனக்கே அவர் மேல் இரக்கம் வந்தது. உங்கள் பேரில் தனியாக எதுவுமே இல்லையா என்று கேட்டேன். வளவில், அந்த உள்முற்றத்தில் நின்ற ஒரு தூணைக் காட்டினார்.

"அந்தா, அந்தத் தூணும் அதுமேல உக்காந்திருக்க புறாவும் எம் பங்குன்னு சொல்லலாம் ஆத்தா. பெரிய வீட்டுப் பங்காளி கேட்டா புறாவக் குடுத்துரணும்."

ஏரியா தகராறு

நீயே போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் பேரில் சின்னதாக ஒரு வீடு இருக்கிறது. அதை வைத்து ஏற்கனவே ஒருவருக்குப் போட்டுவிட்டேன். அவர் வழக்கு முடிகிறவரை அந்த வீடு அவருக்குத்தான். ஜமீலா வக்கீல், தன் கட்சிக்காரருக்கு அவரே போட முடியாது. இருந்தாலும் ஒரு நப்பாசையில், வரி ரசீதைக் கையில் பிடித்தபடி கோர்ட் வாசலில் நின்று, அதே வீட்டைப் பாண்டிக்கும் ஏற்பீர்களா என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே டீக்கடையில் இரண்டு மூன்று பேர் என்னையே பார்த்தார்கள். கையில் கட்டுக்கட்டாக ரசீது, கக்கத்தில் பை. கூலிக்கு ஜாமீன் நிற்கிறவர்கள் அவர்கள். யாருடைய ரசீதையோ காட்டி, யாருக்கோ மாமனாகவும் மச்சானாகவும் நின்று, மாட்டினால் தானும் உள்ளே போகிற பிழைப்பு. இவர்களிடம் போகக் கூடாது என்பதற்காகத்தானே நாங்கள் இந்தப் பாடு படுகிறோம். அவர்களில் ஒருவர் டீயை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். கோபமெல்லாம் இல்லை, குரலில் ஒரு தொழில் நாகரிகம் இருந்தது.

"அக்கா, இந்தக் கோர்ட்டு எங்க ஏரியா. புதுசா தொழிலுக்கு வந்தா நாலு பேரக் கேட்டுட்டு வரணும்ல?"

சந்தையில் கையெழுத்து

யாரும் இல்லாதவர்களைச் சொந்தக் கையெழுத்திலேயே விடச் சொல்லும் கோரிக்கை மனுவுக்குக் கையெழுத்து வாங்கச் சிங்கம்புணரிச் சந்தைக்குப் போனேன். பாண்டியின் ஊர், அதனால் ஆதரவு பிய்த்துக்கொண்டு வரும் என்று கணக்கு. கத்தரிக்காய் வாங்கினால் கையெழுத்து, தேங்காய் வாங்கினால் கைநாட்டு என்று போனது காரியம். மத்தியானத்துக்குள் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி சேர்ந்துவிட்டது.

தக்காளிக் கடைக்காரர் ஒருவர் மட்டும் நான் எதையும் வாங்காமலே என் பேச்சை வெகு ஆர்வமாகக் கேட்டார். இடையில் வந்த கிராக்கியைக்கூட இரு என்று நிறுத்திவிட்டார். ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருக்கிறவர்கள் என்று நான் சொன்னபோது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நம் ஆள் அகப்பட்டுவிட்டார் என்று பேனாவைத் திறந்து கொடுத்தேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எம் பக்கத்து வீட்டுக்காரனும் அப்படித்தான் உள்ள இருக்கான். அவன் அங்கனயே இருக்கிறதுக்கு எங்குட்டுக் கையெழுத்துப் போடணும்?"

செய்முறை

இப்படியே சுற்றிச் சுற்றி வந்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. யாரும் முடியாது என்று முகத்தில் அடித்துச் சொல்வதில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். டைல்ஸ் கடை வைத்திருக்கிற ஒருவர்தான் அதை உடைத்துச் சொன்னார். "நீங்க எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கீகளா? நாங்க உங்க வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கமா? ஒரு செய்முறை இல்லாம வந்து கையெழுத்துக் கேட்டா எப்படிங்க?"

எனக்குப் பளிச்சென்றது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நீங்கள் போய் நின்றால், உங்கள் வீட்டுக்கு அவர் வந்து நிற்பார். அதுதான் செய்முறை. அந்தக் கணக்கில் இல்லாதவளுக்கு யாரும் எதற்கும் பொறுப்பாக மாட்டார்கள். நான் நியாயத்தைப் பேசிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் முறையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப் போய் ஜமீலாவிடம் சொன்னேன். அவர் படித்துக்கொண்டிருந்த கேஸ் கட்டை அப்படியே ஓரமாக வைத்தார்.

"அரசி, பீரோவத் திற. பட்டுச்சேலை எத்தனை இருக்குன்னு பாரு."

தாம்பூலப் பை

அதிலிருந்து யார் வீட்டு விசேஷத்தையும் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா. பத்திரிகை வைத்தார்களா இல்லையா என்று பார்ப்பதில்லை, தெருவில் வாழைமரம் கட்டியிருந்தால் போதும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்களுக்குப் பந்திதான் படை. உட்காருவேன், சாப்பிடுவேன், பக்கத்து இலையிடம் மெதுவாக ஜாமீன் விஷயத்தை ஆரம்பிப்பேன். இன்னொரு அதிசயமும் நடந்தது. போகிற இடமெல்லாம் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஜாங்கிரி விழுந்தது. கிளம்பும்போது யாரோ ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். இயக்கம் வேர் விட்டுவிட்டது, மக்கள் நம்மை ஏற்றுக்கொண்டார்கள் என்று ஜமீலாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த மிதப்பில்தான் புத்தி கெட்டது. ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கூடமாட உதவுகிறேன் என்று உட்கார்ந்து, ஒவ்வொரு பைக்குள்ளும் எங்கள் மஞ்சள் நோட்டீஸை மடித்து வைத்தேன். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே ஒரு பையைப் பிரித்துப் பார்த்துவிட்டார் மாப்பிள்ளையின் சித்தப்பா. நாதஸ்வரம் நின்றது. பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சித்தப்பா நோட்டீஸை உயர்த்திப் பிடித்தார்.

"உங்க வீட்டுல யாரு உள்ள இருக்கா? தாலி கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம்

இந்தக் கூத்துகளுக்கு நடுவில் ஒருநாள் செல்வியோடு போய்ப் பாண்டியைப் பார்த்தேன். நெருக்கமான கம்பிவலை, இரண்டு பக்கமும் ஆட்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். சந்தையில் விலை கேட்கிற மாதிரி நலம் விசாரிக்க வேண்டும். பாண்டி இளைத்திருந்தார். வண்டியைத் தினமும் ஸ்டார்ட் பண்ணாவிட்டால் பேட்டரி போய்விடும் என்று முதலில் சொன்னார். தவணை நின்றுபோனதால் பைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனதைச் செல்வி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சரிடா என்று தலையாட்டினார்.

யாழினிக்கு முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கையால் தோளைத் தொட்டுக் காட்டினார் செல்வி. பாண்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விட்டுப் போனபோது தத்தித் தத்தி நடந்த பிள்ளை அது. நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லோர் விசேஷத்திலும் உட்கார்ந்து ஜாங்கிரி தின்றுகொண்டிருந்ததை நினைத்து என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. பாண்டி என் பக்கம் திரும்பி, மற்றவர்கள் சத்தத்துக்கு மேலே சத்தமாகக் கேட்டார்:

"எம் மருமகளுக்கு என் மூஞ்சி மறந்திருக்குமாக்கா?"

ஜாங்கிரியின் ரகசியம்

அடுத்த வாரம் ஒரு சடங்கு வீடு. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போனவளை, இங்குட்டு வாங்க என்று ஒரு கை கூப்பிட்டது. அடுப்புகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் வைரவன். அரியக்குடிக்காரர், இந்த வட்டாரத்தில் பாதி விசேஷங்களுக்குச் சமையல் மாஸ்டர் அவர்தான். இரண்டு விரலில் மோதிரம், பனியன் பைக்குள் இரண்டு போன். அவர் அதட்டினால் குழம்பே கொதிக்க யோசிக்கும். அப்படிப்பட்டவர் என்னிடம் மட்டும் குரலை இறக்கிப் பேசினார்.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எங்க அடுப்பு மூட்டுனாலும் இருக்கீக. பொண்ணு வீட்டுலயும் உங்களத் தெரியல, மாப்பிள்ள வீட்டுலயும் தெரியல. அதான் பயககிட்டச் சொல்லி ஒரு ஜாங்கிரி கூட வைக்கச் சொன்னேன், பொட்டலமும் குடுக்கச் சொன்னேன். வெக்கப்படாமச் சொல்லுங்கம்மா, வீட்டுல அடுப்பு எரியலயா?"

போட்ட இலை

மக்கள் ஆதரவு என்று நான் பீற்றிக்கொண்டது இதைத்தான். மானம் போனது போனதுதான், இனி மிச்சம் என்ன இருக்கிறது என்று அங்கேயே அடுப்பங்கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பாண்டி, கதவு, புறா, யாழினியின் முடி, எதையும் விடவில்லை. வைரவன் முதலில் கேட்டது, உள்ளே சாப்பாடு எப்படிப் போடுகிறார்கள் என்பதை. இரண்டாவதாகக் கேட்டது நான் எப்போதும் பயப்படுகிற கேள்வி. "அந்தப் பய திருடுனானா, இல்லையா?" எனக்குத் தெரியாது என்றேன். நம்புகிறேன், ஆனால் எனக்குத் தெரியாது. அதை விசாரித்துச் சொல்வது கோர்ட்டின் வேலை, அது சொல்கிறவரை அவர் வீட்டில் இருக்கலாம் என்று அந்தக் கோர்ட்டே சொல்லிவிட்டது என்றேன்.

வைரவன் அடுப்புப் பக்கம் திரும்பினார். ரசத்தை இறக்கச் சொன்னார். போனில் யாரிடமோ இரண்டு மூட்டை வெங்காயம் சொன்னார். அவர் வீட்டம்மாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, வண்டி ஓட்டுவானா, அண்டா குண்டாவெல்லாம் பதனமாக ஏற்றி இறக்குவானா என்று என்னிடம் கேட்டார். தேக்குக் கதவையே கீறல் இல்லாமல் ஏற்றியவர் என்றேன். நான் ஜோக்கடிக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அரியக்குடி வீடு அவர் பேரில்தான் இருந்தது, அவரே கட்டியது, வேறு பங்காளி கிடையாது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"போகலாம்னு சொல்லிட்டுப் பூட்டி வைக்கிறது, இலையப் போட்டு உக்கார வச்சுட்டுச் சோறு போடாம விடுற மாதிரில இருக்கு. அந்தப் பாவம் நம்ம தொழிலுக்கு ஆகாது. எங்குட்டு வரணும்னு சொல்லுங்க."

முகூர்த்த நாள்

கோர்ட்டுக்கு வைரவன் வெள்ளை வேட்டி சட்டையில், சந்தனப் பொட்டோடு, பெண் கேட்கப் போகிறவர் மாதிரி வந்து நின்றார். இரண்டு போனும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்ததால் ஜமீலா அவற்றைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் செல்வி, இன்னொரு பக்கம் அவர். மாஜிஸ்திரேட் அம்மா ரசீதையும் ஆதாரையும் பார்த்துவிட்டு, இந்தப் பாண்டி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். உறவெல்லாம் இல்லை, இதுவரை பார்த்ததுகூட இல்லை என்றார் வைரவன். வாசல் டீக்கடைக் கோஷ்டியில் ஒருவர் என்று நினைத்துவிட்டால் எல்லாம் போச்சு.

"பார்க்காத ஆளுக்கு எப்படிப் பொறுப்பு ஏத்துக்கிறீங்க? அவர் ஓடிப்போயிட்டா உங்க வீட்டுக்குத்தான் பிரச்சனை, தெரியுமா?" என்றார் மாஜிஸ்திரேட். வைரவன் கையைக் கட்டிக்கொண்டார். பொய் சொல்லத் தெரிந்த மனிதராகவே தெரியவில்லை.

"என் வண்டிக்கு டிரைவராப் போட்டிருக்கேன்மா. வைகாசி பூரா முகூர்த்தம், ஆனி பொறந்தாலும் விடாது. ஓடிப்போக அவனுக்கு நேரமே கிடையாது."

மாமன் மடி

அய்யனார் கோயிலுக்குச் சமையல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வைரவன் வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது பாண்டி, வெளியே வந்ததிலிருந்து முகூர்த்த ஓட்டத்தில் மருமகளை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. புதுச் சட்டை எடுத்து வந்திருந்தார், மருமகளுக்குத் தோடு வாங்கி வந்திருந்தார், பழத்தட்டு வைத்திருந்தார். பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டி, வாடா தங்கம் என்று கூப்பிட்டார். யாழினி அவரைப் பார்த்தது. அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீறிட்டு அழுதது. யாரோ தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்தார்கள், நழுவி ஓடியது. பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் இத்தனை பேர் வாசலில் நின்றது இந்த ஒரு மடிக்காகத்தான், அது இப்படிக் காலியாகக் கிடந்தது.

பாண்டி பிடிவாதம் பிடிக்கவில்லை. எழுந்து போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, முன்பெல்லாம் அக்கா வீட்டு வாசலில் வந்து அடிக்கிற மாதிரி ஹாரனை மெதுவாக ஒரு முறை அடித்தார். யாழினி அழுகையை நிறுத்தியது. இன்னொரு முறை அடித்தார். பிள்ளை சேலையை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் நாலு எட்டு வைத்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு எங்கோ பார்க்கிற மாதிரி இருந்தார். கடைசியில் அதுவே ஏறி, அவர் மடியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

"அசையாதடா, அப்படியே இரு" என்று கிசுகிசுத்தார் செல்வி. முடியை அங்கேயே வைத்து இறக்கினார்கள். ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறிக் காது குத்தினார். முதல் காதுக்குப் பிள்ளை அலறியதில் கோயில் மரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. இரண்டாவது காதுக்கும் அலறியது. ஆனால் மடியிலிருந்து இறங்கவில்லை. பின்னால் இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவில் நின்று வைரவன், பந்தி நேரமாகிறது என்று யாரையோ அதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொட்டைத் தலையில் சந்தனமும் காதில் புதுத் தோடும் கன்னத்தில் கண்ணீருமாக யாழினி நிமிர்ந்து பார்த்துச் சொன்னது:

"மாமா, போலாம்."

ஆக, இந்த ஜாமீன் வழக்கம் மாறுகிறவரை காரைக்குடி வட்டாரத்தில் யார் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டினாலும் பந்தியில் ஓர் இலை எனக்கு உண்டு. என் வயிறும், அடுத்த ஆளுக்கு நான் தேடுகிற அந்த இரண்டாவது ஜாமீன்தாரரும்தான் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.